நடுவில் நிற்பவரின் சம்பளம்

ஏப்ரல் 21, திங்கள்

அலுவலகத்துக்கு வந்த இலவச டைரிகளில் ஒன்று யாரும் எடுக்காமல் நாலு மாதமாகக் கிடந்தது. நான் எடுத்துக்கொண்டேன். எழுத விஷயமும் இன்றே கிடைத்துவிட்டது.

காலையில் ஆரோக்கியராஜ் சார் கூப்பிட்டு ஐம்பத்திரண்டு பெயர்கள் உள்ள தாள் ஒன்றைக் கொடுத்தார். அவர் எங்கள் கல்லூரியின் வேலைவாய்ப்பு அதிகாரி. நான் அவருடைய உதவியாளர். தாளில் இருப்பது விஸ்காம், அதாவது விஷுவல் கம்யூனிகேஷன், படித்து வெளியே போன கடைசி மூன்று செட். ஒவ்வொருவரையும் போனில் பிடித்து எங்கே வேலை, என்ன சம்பளம் என்று கேட்டு எழுத வேண்டும். மே பதினான்காம் தேதி சேர்க்கை முகாம். அதற்குள் புதிய கையேடு அச்சாக வேண்டும்.

"போன தடவை ஆண்டுக்குச் சராசரி நாலு லட்சத்து இருபதாயிரம்னு போட்டோம். இந்தத் தடவை அதுக்குக் குறையாம வரணும் ரஞ்சனி" என்றார். வரும் சார் என்றேன். போனில் பேசுவது எனக்குக் கைவந்த வேலை. எதிரே இருப்பவர் யாராக இருந்தாலும் மூன்றாவது நிமிடத்தில் என்னிடம் மனம்விட்டுப் பேச ஆரம்பித்துவிடுவார்.

நானும் அதே விஸ்காம்தான், 2022 செட். என் வரியை நிரப்ப ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

பதினோரு பேரிடம் பேசினேன். இரண்டு பேர் எண்ணை மாற்றிவிட்டார்கள். ஒருவர் நான் லோன் விற்கிறேன் என்று நினைத்து வைத்துவிட்டார். மறுபடி அடித்தேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு அரை மணி நேரம் பேசினார்.

சாயங்காலம் தங்கை மேகலா ஊரிலிருந்து பேசினாள். பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. அதற்குள் எங்கள் கல்லூரி விஸ்காமுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டாளாம். "உனக்கே இவ்வளவு நல்லா அமைஞ்சுதேக்கா" என்றாள். ரிசல்ட் வரட்டும் என்றேன்.

துணி துவைத்தேன். இரவு பன்னும் டீயும். ராத்திரியில் அதிகம் சாப்பிடுவது எனக்குப் பழக்கமில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

இருபத்து நான்கு பேர் முடிந்தது. தாளில் கேட்டிருந்தது இரண்டே கேள்வி. நான் மேலும் இரண்டு சேர்த்தேன்: கல்விக் கடன் வாங்கினீர்களா, முதல் வேலையை ஏன் எடுத்தீர்கள். யாரும் சேர்க்கச் சொல்லவில்லை. பேச்சு தானாக அங்கேதான் போகிறது, அதனால் கட்டம் போட்டுவிட்டேன்.

ஜோஸ்பின் என் வகுப்புத் தோழி. மூன்றாவது வருடம் அவள் எடுத்த குறும்படத்துக்குப் பல்கலைக்கழக அளவில் பரிசு கிடைத்தது. இப்போது திண்டுக்கல்லில் ஒரு செல்போன் ஷோரூமில் இருக்கிறாள். பதிமூன்றாயிரத்தில் சேர்ந்தவளுக்கு இப்போது பதினைந்தாயிரத்து ஐநூறு. ஏன் அங்கேயே இருக்கிறாய் என்று கேட்டேன். "வெளிய வரணும்னா ஒரு மாசம் சம்பளம் இல்லாம இருக்கணும் ரஞ்சனி. அந்த ஒரு மாசம் எங்கிட்ட இல்ல" என்றாள். பேங்க் தவணை ஐந்தாம் தேதி பிடித்துவிடுவார்களாம்.

கட்டத்தில் 'தவணை தொடங்கியது' என்று எழுதினேன். அவள் சொன்ன மற்றதற்குக் கட்டம் இல்லை.

ஏப்ரல் 26, சனி

அரை நாள். ஹாஸ்டல் வாடகை கட்டினேன். வீட்டுக்கு நாலாயிரம் அனுப்பினேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

இன்று பெரிய மீன்கள். துபாயில் இருக்கும் தினகரனுக்கு மாதம் ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம். அவனுடைய மாமா அங்கே விளம்பரக் கம்பெனி நடத்துகிறார். ஆரோக்கியராஜ் சார் அந்த வரியைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று மறுபடி படித்தார். கையேட்டின் அட்டையில் அவன் படம் என்று முடிவாகிவிட்டது.

ஷர்மிளா பானு பெங்களூரில் விளம்பர வாசகம் எழுதுகிறாள். நாற்பத்தெட்டாயிரம். ஆரம்பத்தில் ஆறு மாதம் சம்பளமே இல்லாமல் பயிற்சிக்குப் போயிருக்கிறாள். அந்த ஆறு மாதமும் அவளுடைய அப்பா அறை வாடகை கொடுத்திருக்கிறார். திருப்பூரில் கிருபாகரன் பனியன் ஏற்றுமதியாளர்களுக்கு வீடியோ எடுத்துத் தருகிறார். இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுத்ததுபோக ஐம்பத்தைந்தாயிரம் நிற்கிறது. அவரும் எட்டு மாதம் வேலையில்லாமல் வீட்டுச் சாப்பாட்டில் இருந்தவர்தான். பன்னிரண்டாயிரத்துக்கு வந்த சேனல் வேலையை மூன்று தடவை மறுத்தாராம்.

"எப்படிங்க மறுக்க முடிஞ்சுது?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்து, "யாருக்கும் எதுவும் கட்ட வேண்டியதில்லைங்களே" என்றார்.

மே 2, வெள்ளி

நாற்பத்தொரு பேர் முடிந்தது, என்னையும் சேர்த்து. மீதிப் பதினொரு பேர் கிடைக்கவே இல்லை. போதும்.

சராசரி மாதம் இருபத்தாறாயிரம். தினகரனை எடுத்துவிட்டால் இருபத்தோராயிரத்துத் தொள்ளாயிரம். அந்த ஒரு ஆள் நாற்பது பேரையும் நாலாயிரம் ரூபாய் மேலே தூக்கிவிடுகிறான். இது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால் எல்லோரையும் குறைந்த சம்பளத்திலிருந்து வரிசையாக நிறுத்தி, சரியாக நடுவில் நிற்பவரைப் பார்த்தேன். இருபத்தொன்றாவது ஆள். பதினெட்டாயிரத்து ஐநூறு.

பிறகு, யாரும் சொல்லாமலே, தாளை இரண்டாகப் பிரித்தேன். கடன் வாங்கியவர்கள் இருபத்து நான்கு பேர். அவர்களில் நடுவில் நிற்பவருக்குப் பதினாறாயிரம். கடன் வாங்காதவர்கள் பதினேழு பேர். அவர்களில் நடுவில் நிற்பவருக்கு இருபத்தேழாயிரம். அதே வகுப்பறை, அதே கேமரா, அதே மதிப்பெண். கணக்கில் தப்பு என்று நினைத்து மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். தப்பில்லை.

முதல் வேலையை ஏன் எடுத்தீர்கள் என்ற கட்டத்தை அப்போதுதான் முழுசாகப் படித்தேன். கடன் வாங்கியவர்களில் பத்தொன்பது பேர் ஏறக்குறைய ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் எது வந்ததோ அது.

எனக்கும் சென்னையில் ஒரு ஆவணப்படக் குழுவிலிருந்து ஆறு மாதப் பயிற்சிக்கு அழைப்பு வந்தது. மாதம் எட்டாயிரம் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். அந்த வாரம்தான் பேங்கிலிருந்து கடிதம் வந்திருந்தது. நல்ல முடிவு என்றுதான் இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மே 5, திங்கள்

கணக்கைக் கொடுத்தேன். ஆரோக்கியராஜ் சார் நல்லவர். கோபமே படவில்லை. வீட்டில் இருப்பவர்களை எடுத்துவிடு, வேறு துறையில் இருப்பவர்களை எடுத்துவிடு, அப்புறம் சராசரி பார் என்றார். எடுத்துப் பார்த்தேன். பதினாறு பேர் மிஞ்சினார்கள். மாதம் முப்பத்தைந்தாயிரத்து இருநூறு வந்தது.

"பார்த்தியா" என்றார், நான் ஏதோ பரீட்சையில் தேறிவிட்ட மாதிரி.

ஜோஸ்பின் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டாள். சார் இது சரியில்லை, நாற்பத்தொரு பேரையும் போடுவோம் என்றேன். எல்லாக் கல்லூரியும் இப்படித்தான் போடுகிறது, நாம் மட்டும் குறைத்துப் போட்டால் சீட் நிரம்பாது, சீட் நிரம்பாவிட்டால் உனக்கும் எனக்கும் சம்பளம் எங்கிருந்து வரும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். அவர் சொன்னதும் கணக்குதான்.

மே 8, வியாழன்

மேகலா 541. பள்ளியில் இரண்டாவது. அம்மா போனிலேயே அழுதுவிட்டாள். அப்பா டாடா ஏஸ் வண்டியை மார்க்கெட் வாசலில் ஓரங்கட்டிவிட்டுப் பேசினார். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் இன்றைக்கு அவர் மிட்டாய் கொடுக்காத ஆள் இல்லையாம்.

பதினான்காம் தேதி இருவரும் இங்கே வருகிறார்கள். கடன் விண்ணப்பத்தையும் கையோடு கொண்டு வருவதாக அப்பா சொன்னார். மூன்று வருடத்துக்கு நாலரை லட்சம். "நீ முப்பத்தஞ்சாயிரம் வாங்கற. அவ வந்தா ரெண்டு பேருமாச் சேந்து ரெண்டே வருசத்துல கட்டிருவீங்க கண்ணு."

சரிப்பா என்றேன்.

மே 9, வெள்ளி

அந்த முப்பத்தைந்தாயிரம் எங்கிருந்து வந்தது என்று எழுதிவிடுகிறேன். வேலையில் சேர்ந்த அன்று சித்தப்பா போனில் கேட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள், வீடே கேட்டுக்கொண்டிருந்தது. என் மேஜைமேல் அந்த வருடத்துக் கையேடு கிடந்தது. ஆண்டுக்கு நாலு லட்சத்து இருபதாயிரம். பன்னிரண்டால் வகுத்தால் முப்பத்தைந்தாயிரம். அச்சில் இருந்ததைத்தான் சொன்னேன்.

மே 14, புதன்

சேர்க்கை முகாம். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

விஸ்காம் மேஜையில் என்னை உட்கார வைத்தார்கள். சட்டையில் 'நம் மாணவி, நம் அலுவலர்' என்று ஒரு அட்டை. பக்கத்தில் துறைத் தலைவர் வசுமதி மேடம். காலையிலிருந்து நல்ல கூட்டம். கையேட்டில் தினகரன் துபாயில் சிரித்துக்கொண்டிருந்தான்.

பதினொன்றரை மணிக்கு ஒரு அம்மா வந்தார். நூல் மில்லில் வேலை, காலை ஷிப்ட் முடியும் முன்பே சொல்லிவிட்டு வந்திருக்கிறார், தலையில் இன்னும் பஞ்சு ஒட்டியிருந்தது. கூட அவருடைய பெண். கையேட்டைத் திறந்து பார்க்கவே இல்லை. என் சட்டையில் இருந்த அட்டையைப் பெண்ணைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு என்னிடம், "அம்மணி, நீயும் இதே படிப்பா? நீ எவ்வளவு வாங்கற?" என்றார்.

அப்போதுதான் நிமிர்ந்தேன். அந்த அம்மாவுக்குப் பின்னால், இரண்டு ஆள் தள்ளி, அப்பா நின்றார். கையில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் கடன் விண்ணப்பம். மேகலா எனக்குக் கை காட்டினாள்.

அப்பாவைப் பார்த்தேன். பார்த்த பிறகுதான் சொன்னேன். பின்னால் எனக்கே இது மாறித் தெரியக்கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன்.

"பதினேழாயிரத்து ஐநூறுங்க. அதுல பேங்குக்கு ஆறாயிரத்து இருநூத்து நாப்பது போகுது. மூணு லட்சம் வாங்கினேன், முடியறப்போ அஞ்சு லட்சத்து இருபத்து நாலாயிரம் கட்டியிருப்பேன். இன்னும் அறுபத்தோரு மாசம் இருக்கு."

அந்த அம்மா தலையாட்டினார். வேறு யாராவது நல்லா வாங்குகிறார்களா என்று கேட்டார். இருக்கிறார்கள் என்று சொல்லி, மேஜையடியில் இருந்த என் தாளை எடுத்துக் காட்டினேன். பெயர் இல்லாமல் எண்கள் மட்டும். நடுவில் நிற்பவரை விரலால் தொட்டுக் காட்டினேன். கடன் வாங்கியவர்கள், வாங்காதவர்கள் இரண்டையும் காட்டினேன். அவருடைய பெண் அதைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டாள். வசுமதி மேடம் தடுக்கவில்லை. என் கையிலிருந்து தாளை வாங்கித் தானும் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

நான் தலை தூக்கியபோது அப்பா வரிசையில் இல்லை.

கேண்டீன் பக்கத்து வேப்பமரத்தடியில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அனுமதி வாங்கிக்கொண்டு போனேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அப்பா முந்திக்கொண்டார்.

"பதினேழாயிரத்து ஐநூறுல பேங்குக்கும் கட்டி, எங்களுக்கும் நாலாயிரம் அனுப்புன. நீ என்னத்தச் சாப்புட்ட?"

அவர் என் மணிக்கட்டைப் பிடித்து வளையலை மேலே தள்ளிப் பார்த்தார். முழங்கை வரைக்கும் தடையில்லாமல் போனது. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

மேகலா தாளைக் கேட்டாள். கொடுத்தேன்.

மே 15, வியாழன்

ஆரோக்கியராஜ் சார் என்னை உட்காரச் சொன்னார். நேற்று விஸ்காமில் சேர வந்தவர்களில் ஆறு பேர் யோசித்துச் சொல்வதாகப் போய்விட்டார்களாம். என் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்கப் போவதில்லை. "நீ சொன்னது பொய்ன்னு நான் சொல்லல ரஞ்சனி" என்றார். அது எனக்குப் போதுமானதாக இருந்தது. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், வெளியே வந்ததும் நடை லேசாக இருந்தது. அது ஒரு பத்து நிமிடம். பிறகு ஐந்தாம் தேதித் தவணை ஞாபகம் வந்தது.

கையேட்டின் அடுத்த அச்சில் சம்பளமே வராதாம். 'சிறந்த வேலைவாய்ப்பு' என்று மட்டும் இருக்கும்.

மே 18, ஞாயிறு

இருந்த லீவையெல்லாம் போட்டுவிட்டு ஊருக்கு வந்திருக்கிறேன். அம்மா மூன்று நாளாக என்னிடம் சரியாகப் பேசவில்லை. என் தட்டில் மட்டும் சோறு குறையவே மாட்டேன் என்கிறது.

அப்பாவின் முடிவு தயாராக இருந்தது. விஸ்காம் வேண்டாம். பி.காம். படிக்கட்டும், இல்லாவிட்டால் நர்சிங். ஒரு பெண் மாட்டிக்கொண்டது போதும். நானும் அதையேதான் சொன்னேன். தாளைத் தயார் செய்தவள் நான், அதில் என்ன இருக்கிறது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

மேகலாவுக்குத் தெரிந்திருந்தது. நாலு நாளாக அதை வைத்துக்கொண்டு ஏதோ எழுதியிருக்கிறாள். தரையில் விரித்து எங்கள் இருவரையும் உட்கார வைத்தாள். "நீயே பிரிச்சு வெச்சிருக்கியேக்கா. நீயே சரியாப் பாக்கல" என்றாள். கடன் இல்லாத பதினேழு பேரில் பதின்மூன்று பேர் மொத்த வரிசையில் நடுவில் நிற்பவரைவிட மேலே இருக்கிறார்கள். அவர்களும் இதே படிப்புதான். அப்படியென்றால் குறை படிப்பில் இல்லை. முதல் ஒரு வருடம் பொறுத்திருக்க முடிந்தவர்கள் மேலே போயிருக்கிறார்கள், முடியாதவர்கள் கிடைத்ததில் நின்றுவிட்டார்கள்.

அரசுக் கல்லூரியிலும் இதே விஸ்காம் இருக்கிறது, கட்டணம் சில ஆயிரம்தான். 541-க்குக் கிடைக்கும். விடுதியும் உண்டு. கேமரா மட்டும் அங்கே பழசு என்று விசாரித்து வைத்திருக்கிறாள்.

"முடிச்சுட்டு ஒரு வருசம் நல்ல எடத்துல சும்மாகூடக் கத்துக்கறேன். அந்த ஒரு வருசம் மட்டும் எனக்குச் சோறு போடுங்க. வேற எதுவும் வேண்டாம்."

அப்பா என்னைப் பார்த்தார். எனக்கு இப்படிக் கேட்கத் தோன்றவே இல்லையே என்று இருந்தது. கேட்டிருந்தால் போட்டிருப்பார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அவள் சொல்வது சரிப்பா என்றேன். என் தாளில் என்னையே ஒருத்தி தோற்கடித்துவிட்டாள், அதுவும் ஆறு வயது சின்னவள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மே 26, திங்கள்

கிருபாகரனுக்கு நானே போன் செய்தேன். வாடிக்கையாளர்களிடம் பேச உங்களிடம் ஆள் இல்லை, நீங்களே படப்பிடிப்புக்கு நடுவில் போன் எடுக்கிறீர்கள், அன்று என்னிடம் பேசும்போதே மூன்று தடவை வைத்தீர்கள் என்றேன். சிரித்தார். இருபதாயிரம் தருகிறேன் என்றார். இருபத்தைந்து என்றேன், அதோடு மாதம் ஒரு படப்பிடிப்பை நானே இயக்குவேன் என்றேன். இருபத்து மூன்றும் ஒரு படப்பிடிப்பும் என்று முடிந்தது. ஜூன் ஒன்பதாம் தேதி திருப்பூர்.

என் தவணையில் பாதியைத் தான் கட்டுவதாக அப்பா சொன்னார். வேண்டாம் என்றேன். மூன்று மாதம் வீட்டுக்குப் பணம் அனுப்பமாட்டேன் என்று மட்டும் சொன்னேன். அவர் "அனுப்பாத" என்று சொல்லிவிட்டு வண்டி சாவியைத் தேடப் போய்விட்டார்.

ஜூன் 4, புதன்

அரசுக் கல்லூரியில் கலந்தாய்வு. நாங்கள் மூவரும் போனோம். பெரிய கூடம், மின்விசிறி இருந்தும் வேர்த்தது. வரிசை எண் ஐம்பத்தெட்டு. விஸ்காமில் அப்போது நாலு இடம் பாக்கி.

மேஜையில் நரைத்த தலையோடு ஒரு பேராசிரியர் அம்மா. சான்றிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு மேகலாவை மேலும் கீழும் பார்த்தார். "541 எடுத்திருக்கே. பி.காம்.ல இடம் இருக்கு, கம்ப்யூட்டர்லயும் இருக்கு. இதுல வேலை கிடைக்கறது கஷ்டம். கிடைச்சாலும் ஆரம்பத்துல சம்பளம் கம்மி. தெரியாம வந்து சேர்ந்துட்டு அப்புறம் வருத்தப்படுற பிள்ளைங்கள வருசா வருசம் பாக்கறேன்" என்றார்.

அப்பா என் பக்கம் திரும்பினார். நான் பேசப் போகிறேன் என்று நினைத்தார். எனக்கும் வாய் வரைக்கும் வந்துவிட்டது. மேகலா எங்கள் இருவரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

"தெரிஞ்சுதாங்க மேடம் சேர்றேன்" என்றாள்.

அந்த அம்மா பேனாவைத் திறந்தார்.